ஒரே ஒரு மேற்கோள்

பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார். நனைக்கட்டும். ரொம்ப நேரம் வைத்திருக்கிறார், உடைந்து உள்ளே விழப்போகிறது, விழுந்ததும் சுண்டுவிரலை விட்டுத் துழாவி எடுப்பார், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் எடுக்கிறார், இதோ விழுந்துவிட்டது, துழாவுகிறார். நூலகக் குழுக் கூட்டத்தில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அறிவியல் புலத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் சென்னியப்பன், விலங்கியல் துறை, நன்னீர் நத்தைகளைப் பற்றி இந்த வட்டாரத்திலேயே அதிகம் தெரிந்தவர், என் வீட்டுக்காரர். இந்தப் பக்கம் நான், வசந்தாமணி, பல்கலைக்கழக நூலகர். ஒரே காரில் வந்து இறங்கி, ஆளுக்கொரு கதவு வழியாக உள்ளே நுழைந்து, வணக்கம் மேடம், வணக்கம் சார் என்று சொல்லிக்கொண்டோம். துணைவேந்தர் இன்னும் வரவில்லை. ஏசிக் காற்று நேராக என் கழுத்தில் விழுகிறது, இடம் மாறி உட்காரலாம், ஆனால் இங்கிருந்துதான் அவர் முகம் நன்றாகத் தெரிகிறது. என் மடிக்கணினியில் பட்டியல் திறந்திருக்கிறது. அடுத்த வருஷம் எந்த ஆய்விதழுக்குச் சந்தா கட்டுவோம், எதை நிறுத்துவோம் என்ற பட்டியல். இன்னும் திரையில் போடவில்லை. போடும்வரை அவருடைய நத்தை இதழ் இருக்கிறதா போகிறதா என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்படி அவர் தெரியாமலும் நான் தெரிந்தும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எங்கள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. துணைவேந்தர் இன்னும் கொஞ்சம் தாமதமாகவே வரலாம்.

காலையில் கேட்டார். இவர் என்னிடம் ஒன்றைக் கேட்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். தண்ணி, துண்டு, கார் சாவி எதையும் கேட்பதில்லை, பொருளின் பெயரை மட்டும் சொல்வார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இன்றைக்கு இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "புள்ள, அந்த ஒண்ண மட்டும் எப்படியாச்சும் உட்டுரு. உன்ற கையிலதான இருக்குது" என்றார். எந்த ஒண்ணு என்று நான் கேட்கவில்லை. அந்த வெளிநாட்டு நத்தை இதழ், இவருடைய கட்டுரைகள் எல்லாம் அச்சானது அதில்தான். வருஷத்துக்கு நான்கு தடவை தபாலில் வரும். உறையை வேறு யாரும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் நூலகமே அதிரக் கத்துவார். அவரே வந்து பேனாக்கத்தியால் ஓரத்தை அறுத்து வெளியே எடுத்ததும் முதலில் மோந்து பார்ப்பார். கவுண்டரில் நின்றுகொண்டு, மாணவர்கள் வேடிக்கை பார்க்க, முகத்தை முழுசாகப் பக்கங்களுக்குள் விட்டு மோப்பார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அவளை இவர் அப்படி மோந்ததில்லை. "மே மாசத்தோட ரிட்டையர் ஆயிர்றன். அப்பறம் எனக்கு வேற என்ன இருக்குது, நீயே சொல்லு. தெனமும் லைப்ரரிக்கு வந்து அதப் படிச்சுப்போட்டுப் போயிருவன்." குரல் கம்மிப்போயிருந்தது. கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்க்க யாரோ போல இருந்தது, கண்ணுக்கடியில் தோல் தொங்கிப்போய், கிழவன் மாதிரி. சட்னிக் கிண்ணத்தை எடுத்தேன். "சட்னி ஊத்தட்டுங்களா?" என்றேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்றினேன். காரில் வரும்போது முழுக்க அந்தச் சட்னியை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், "டயர்ல காத்து கம்மியாட்ட இருக்குது" என்றார். ஆமாங்க என்றேன்.

என்னுடைய கையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட, கணக்கு சொல்கிறது, நான் சொல்லவில்லை. முன்னெல்லாம் இந்தக் கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் துறைக்கு இதழ் வரும். வேதியியல்காரர் மேஜையைத் தட்டுவார், இயற்பியல்காரர் எழுந்து வெளியே போவார், திரும்பக் கூட்டி வருவார்கள், இதழ் கொடுப்பார்கள். புதிதாக வந்த துணைவேந்தர் மூன்றில் ஒரு பங்கு இதழ்களை வெட்டச் சொன்னார், ஆனால் சத்தத்தை வைத்து வேண்டாம் என்றார். அப்போதுதான் நான் சொன்னேன், நம் ஆய்வாளர்கள் எழுதிய ஆய்வேடுகளின் பின்பக்கத்தைப் பார்ப்போம் சார், எந்த இதழிலிருந்து எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவோம், மேற்கோள் அதிகம் இருப்பது நிற்கட்டும், குறைந்தது போகட்டும். நானும் உதவி நூலகர் பெர்னதெத்தும் உட்கார்ந்து எண்ணினோம். ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் போட்டு, ஒருவரும் திறக்காத ஆய்வேடுகள். திறந்தால் பூச்சி மருந்து வாசம். பின்பக்கத்தில் அடுத்தடுத்து மேற்கோள் பட்டியல்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. நம் நூலகத்துக்கு ஒருநாளும் வராத ஒரு இதழ் வேதியியலில் முதல் இடத்தில் நிற்கிறது, ஏனென்றால் எப்போதோ ஒருத்தன் அதைப் போட்டான், அவனுக்குப் பின்னால் வந்தவன் எல்லாம் அதே வரியை அப்படியே எடுத்துப் போட்டான். அதைவிட வேடிக்கை, ஒவ்வொரு ஆய்வேட்டிலும் முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே நெறியாளரின் கட்டுரைகள் வந்துவிடும். பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி கைடு பெயர் போட்டால்தான் மேலே எழுத ஓடும். போடாவிட்டால் கையெழுத்து விழாது, வைவா நடக்காது. யாரும் படித்துவிட்டு மேற்கோள் காட்டவில்லை, பயந்துகொண்டு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதைத்தான் நாங்கள் மாசக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தோம். அதனால் நான் ஒரு விதி எழுதினேன். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது செல்லாது, மாணவர் தன் நெறியாளரை மேற்கோள் காட்டுவதும் செல்லாது. நியாயமான விதி. துணைவேந்தர் அன்றைக்குப் போனிலேயே, சூப்பர் மேடம் என்றார்.

அவருக்காகத்தான் அந்த விதியை எழுதினேனா? இல்லை. நியாயத்துக்காக எழுதினேன். எழுதும்போது அவர் ஞாபகம் வந்ததா? வந்தது, எல்லாருடைய ஞாபகமும்தான் வந்தது, இயற்பியல்காரர் ஞாபகமும் வந்தது. ஆனால் இயற்பியல்காரரின் இதழ்களை மற்றவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், அவருக்கு ஒன்றும் ஆகாது. நத்தைக்கு யார் இருக்கிறார்கள்? இவரும் இவரிடம் படித்த பிள்ளைகளும்தான். அது எனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியாது என்று சொல்லலாம். எண்ணிப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஆனால் எண்ணிப் பார்க்காமலே தெரிகிற விஷயங்கள் இருக்கின்றன, ஒரே வீட்டில் இருக்கிறோம், இவருக்கு வருகிற தபாலை நான்தான் எடுத்து வைக்கிறேன், வெளிநாட்டு நத்தை விஞ்ஞானிக்கு இவர் எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் வராததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். சரி, தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எழுதியது நியாயமில்லையா? நியாயம்தான். அப்புறம் என்ன? நியாயமான ஒரு காரியம் எனக்குச் சந்தோஷத்தையும் கொடுத்தால் அது என் குற்றமா? விதியைப் போட்டு மறுபடி எண்ணிய அன்று பெர்னதெத் திரையில் ஒரே வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "மேடம், சாரோட இதழ்..." என்றாள். நேற்றுவரை அந்த வரிசையில் மேலே நின்ற இதழ் பொத்தென்று அடியில் கிடந்தது. ஒரே ஒரு மேற்கோள். "இத மட்டும் தனியா வச்சுடட்டுமா மேடம்?" பாவம், என்னைக் காப்பாற்றுகிறதாக நினைத்துக்கொண்டாள். "எதுக்கு?" என்றேன். "மத்தவங்களுக்கு ஒண்ணு, நம்மளுக்கு ஒண்ணா?" அவள் என்னை ரொம்ப மரியாதையாகப் பார்த்தாள். அந்த மரியாதையும் எனக்கு ருசியாக இருந்தது.

டீ ஆறிவிட்டது. அவர் இயற்பியல்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அந்த நத்தை ஜோக்கைத்தான் சொல்கிறாரோ, இல்லை, இயற்பியல்காரருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. என் பெயரில் ஒரு நத்தை இருக்கிறது. புதிதாக ஒரு இனத்தைக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம். இவர் நான்கு பெயர் வைத்திருக்கிறார். முதலாவது அவருடைய கைடு பெயர். இரண்டாவது அவருடைய அம்மா பெயர். மூன்றாவது, பதிலே போடாத அந்த வெளிநாட்டுக்காரர் பெயர். நான்காவதுக்கு என் பெயரை வைத்து, லத்தீன் வழக்கப்படி ஒரு வாலும் சேர்த்தார். ஒரு வாய்க்கால் கரையில் கிடைத்த, சுண்டுவிரல் நகமளவு, சேற்று நிறத்தில் ஒரு நத்தை. சாதாரண நத்தையின் ஓடு வலப்பக்கமாகச் சுற்றும். இது இடம்புரி, இடப்பக்கமாகச் சுற்றும். கட்டுரை அச்சாகி வந்த அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, கேசரி கிண்டினேன். அந்த வாரமே ஒரு கல்யாணப் பந்தியில், அவருடைய அக்கா குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்க, ஆரம்பித்தார். "ஒலகத்துல இருக்கற நத்தையெல்லாம் ஒரு பக்கம் சுத்துனா இது மட்டும் எதுருப்பக்கம் சுத்துதுங்க. பாத்ததும் பட்டுனு ஒரு பேரு ஞாபகம் வந்துச்சு. இவ பேரையே வச்சுப்போட்டன்." பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட ரசவாளியை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து, எந்த வழியனுப்பு விழாவானாலும் அந்த நத்தை வரும். சம்பந்தி வீட்டில் முதன்முதலில் கை நனைத்த அன்று வந்தது. என் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் துக்கம் கேட்க வந்தவரிடமும் வந்தது, கொஞ்சம் மெதுவான குரலில். ஒவ்வொரு தடவையும் நான் சிரிக்க வேண்டும், சிரிக்காவிட்டால், பாத்தீங்களா, எதுருப்பக்கம் என்பார். நான் எதற்கு எதிர்ப்பக்கம் சுற்றினேன்? அவர் சொன்ன பக்கமெல்லாம் சுற்றினேன். வீட்டுக் குளியலறையில் வாளி வாளியாக நத்தை கிடக்க, கால் வைக்க இடமில்லாமல் ஒதுங்கி நின்று குளித்தேன். எனக்குத் தெரிந்து நான் எதிர்ப்பக்கம் சுற்றியது ஒரே ஒரு தடவை, அது இந்த விதி.

நானும் ஆராய்ச்சி செய்தேன், டாக்டர் பட்டம் எனக்கும் இருக்கிறது. நூலக அறிவியலுக்கெல்லாமா பிஎச்டி, புத்தகம் அடுக்குகிற வேலைதானே என்று சிரித்துவிட்டு, என் ஆய்வேட்டைக் கையில் வாங்கி, சிவப்பு மையில் கமாக்களாகப் போட்டுத் தள்ளினார். வைவாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பாதியில் எழுந்து போனார், மழை விட்டிருந்தது, மழை விட்டதும் நத்தை வெளியே வரும். எண்ணிக்கை முடிந்த பிறகு, பெர்னதெத் சாப்பிடப் போன நேரத்தில், என் பெயரையும் போட்டுத் தேடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என்னை யாரும் ஒரு தடவைகூட மேற்கோள் காட்டவில்லை, பயந்துகொண்டுகூடக் காட்டவில்லை, என்னிடம் பயப்பட யாருக்கும் காரணம் இல்லை. அவருக்கு ஒன்று, எனக்குச் சைபர். அந்தச் சைபரைப் பார்த்ததும் ஏசியை நிறுத்தினேன், மறுபடி போட்டேன். ஆக அவர் சொன்னது சரியா? புத்தகம் அடுக்குகிறவளா நான்? இல்லை. இன்றைக்கு இந்த மேஜையில் எல்லாரும் என் திரையைப் பார்த்துத்தான் தங்கள் இதழ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போகிறார்கள். ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். இதழ் போனால் மே மாதத்துக்கு அப்புறம் இவர் எங்கே போவார்? வீட்டில்தான் இருப்பார். நான் கிளம்பும்போது வாசலில் நிற்பார், திரும்பும்போதும் அங்கேயே நிற்பார். வாளிகள் குளியலறையிலிருந்து கூடத்துக்கு வரும். சிரிப்பதற்கு வேறு ஆள் இல்லாமல் என்னிடமே அந்த நத்தையைச் சொல்வார். அதற்காகவாவது அந்த இதழை விட்டுவைக்கலாம். விட்டுவைத்தால் தினமும் நூலகத்துக்கு வருவார், நான் இருக்கிற இடத்துக்கே, இரண்டு இடத்திலும் இவரே. எப்படிச் சுற்றினாலும் இவர்தான் வந்து நிற்கிறார்.

அந்த ஒரு மேற்கோள். அது யாருடையது என்று தேடிப் போனேன், வேலைக்கு அது தேவையே இல்லை. இரண்டாவது மாடியில் உயிரித் தொழில்நுட்பத் துறை அலமாரி. ஃபர்ஹானா என்று ஒரு பெண், எனக்கு முகம் ஞாபகமில்லை, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வயல் நத்தைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆய்வு. நான்காவது அத்தியாயத்தில் ஒரு பத்தி. சென்னியப்பன் தனி இனம் என்று விவரித்த இடம்புரி நத்தையை அவள் அதே வாய்க்காலில் தேடி எடுத்துச் சோதித்திருக்கிறாள். அது தனி இனமே அல்ல. வயலில் காலில் மிதிபடுகிற சாதாரண நத்தைதான், லட்சத்தில் ஒன்று பிறவிக் கோளாறால் ஓடு மாறிச் சுற்றிப் பிறக்கும், அதுதான் இது. ஆகவே அந்தப் பெயர் செல்லாது, பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். மரியாதையான நடையில், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல், நான்கே வரி. எங்கள் எண்ணிக்கைக்கு அது திட்டா பாராட்டா என்று தெரியாது, பெயர் வந்தால் ஒன்று என்று போட்டுக்கொள்ளும். அந்த அலமாரி இடுக்கில் நின்றுகொண்டு மறுபடி மறுபடி படித்தேன். என் பெயரில் ஒரு நத்தையும் இல்லை. இருந்ததே இல்லை. இத்தனை கல்யாணம், இத்தனை பந்தி, இத்தனை சிரிப்பும் இல்லாத ஒன்றைப் பற்றி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். அப்புறம், பிறவிக் கோளாறு என்ற வார்த்தை மட்டும் தொண்டையில் கொஞ்சம் மாட்டியது, அதையும் விழுங்கினேன். அன்றிலிருந்து இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். கத்தரிக்காய் நறுக்கும்போது, அவர் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது, எதிரே உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, சொல்லிவிடலாமா, இப்போது சொல்லட்டுமா. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. டாக்டர், அதிர்ச்சி எதுவும் கூடாதும்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதனால்தான் சொல்லவில்லையா? இல்லை. சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும், அதனால் சொல்லவில்லை.

நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், துணைவேந்தர் வந்துவிட்டார், உட்காருங்க உட்காருங்க, சாரி, மினிஸ்டர் போன். ஆரம்பிக்கலாமா மேடம்? திரையில் போட்டேன். முதல் பக்கத்தைத் தள்ளும்போதே என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார், தலையில் இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து தேடிக்கொண்டு வந்தார். நான் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினேன். உதடுகள் அசைய ஒவ்வொரு பெயராகப் படித்தார், சின்னப் பையன் பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் தேடுகிற மாதிரி. நடுவில் இல்லை. இன்னும் கீழே. நிறுத்தப்போகிற இதழ்களுக்கு மேலே நான் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனபோது கழுத்தை நீட்டினார், அப்போதும் நம்பிக்கை விடவில்லை. கண்டுபிடித்துவிட்டார். மேஜையில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை, நிஜமாகவே பாவமாக இருந்தது, எழுந்து போய் அந்த வாயை மூடிவிட வேண்டும் போல இருந்தது. துணைவேந்தர் பாராட்டிக்கொண்டே போகிறார். "கைடு பேரைக் கழிச்சதுதான் இதுல ஹைலைட். இது யாரோட ஐடியா மேடம்?" "என்னுதுதான் சார்." அவர் என்னைப் பார்த்தார். காலையில் கண்ணாடி இல்லாமல் இருந்த அதே முகம், இப்போது கண்ணாடியோடு. "ரெண்டொரு இதழுக்கு விதிவிலக்கு கொடுக்கலாம், லைப்ரேரியன் சிபாரிசு பண்ணா சரி. ஏதாவது இருக்கா?" என்றார் துணைவேந்தர். இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. ஒன்று இருக்குங்க சார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. துணைவேந்தர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "என்ன சென்னியப்பன் சார், வீட்டுக்குள்ளயே லைப்ரேரியனை வச்சுக்கிட்டு உங்க இதழே போகுது?" எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு நொடி தடுமாறினார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, "சார், எங்கூட்டு நத்தை எப்பவுமே எதுருப்பக்கந்தானுங்க சுத்தும்" என்றார். தெரிந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள், தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் விளக்கிச் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அவர்களும் சிரித்தார்கள், துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடி விழும்போதெல்லாம் இவர் இந்த ஜோக்குக்குள் போய் ஒளிந்துகொள்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தியில், துக்க வீட்டில், சம்பந்தி வீட்டில், எங்கெல்லாம் இவருக்குக் கூச்சமோ பயமோ அங்கெல்லாம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான். உறைத்து என்ன செய்ய? மேஜை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. "விதிவிலக்கு எதுவும் இல்லைங்க சார்" என்றேன்.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன், பின்னால் அவருடைய செருப்புச் சத்தம், ஒரு கால் இழுத்துப் போடுகிற சத்தம். "புள்ள." பல்கலைக்கழகத்துக்குள் இவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நின்றேன். திட்டப்போகிறார், திட்டட்டும், பதில் தயாராக வைத்திருந்தேன். பக்கத்தில் வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த ஒண்ணு யாரு?" என்றார். "எந்த ஒண்ணுங்க?" "அந்தக் கட்டத்துல ஒண்ணுன்னு போட்டிருந்துச்சே. என்ற பசங்க அத்தன பேர்த்தையும் கழிச்சதுக்கு அப்பறமும் ஒண்ணு நிக்குதே, அது யாரு?" கூட்டம் முழுக்க அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதழ் போனதைப் பற்றிப் பேசவே இல்லை, விதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எங்கிட்டப் படிக்காத ஆளு. நாஞ் சொல்லாம, அவிங்களாத் தேடிப் புடிச்சுப் படிச்சிருக்காங்க. யாரு புள்ள அது?" "பயோடெக்ல ஒரு பொண்ணுங்க. ஃபர்ஹானான்னு." "ஃபர்ஹானா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "என்ற எந்தப் பேப்பர?" தாழ்வாரத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், வணக்கம் மேடம், வணக்கம் சார். "என் பேரு வச்சீங்களே, அந்தப் பேப்பருங்க." அவர் முகத்தில் நான் பார்த்திராத ஒன்று வந்தது. சிரிக்கவில்லை. ஜோக் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என் முழங்கையை, அத்தனை பேர் போகும் இடத்தில், பிடித்துக்கொண்டார். "பாத்தியா புள்ள. கடைசியில உன்ற பேருதான் நின்னிருக்குது." கண் கலங்கியிருந்தது. அந்த ஆய்வேடு பைண்டிங்குக்குப் போயிருக்குங்க என்று சொன்னால் போதும். தொலைஞ்சுபோச்சுங்க என்று சொன்னால் போதும், நூலகர் சொன்னால் நம்புவார், மே மாதம்வரை, அதற்கப்புறமும், சாகும்வரை இந்த ஒன்றை வைத்துக்கொண்டு இருந்துவிடுவார். கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். "ரெண்டாவது மாடிங்க. பயோடெக் அலமாரி, கடைசி வரிசை. நாலாவது அத்தியாயத்துல இருக்குதுங்க." சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை மேலே வைத்தார்.

"லிஃப்ட்ல போங்க" என்றேன். "முட்டி வலிக்கும்."